ஸ்பிரிங்கா, ரப்பரா?

"ஸ்பிரிங்கு வேண்டாம் டாக்டரம்மா. ரப்பரே போட்டிருங்க" என்றாள் பார்வதியம்மாள்.

வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த சுகந்திக்குச் சுருக்கென்றது. பல்லு இவளுடையது, முடிவு மட்டும் மாமியாருடையதா?

பல்லில் கட்டியிருந்த கம்பியில் ஸ்பிரிங்கோ ரப்பரோ மாட்டி, தூக்கிக்கொண்டிருந்த கோரைப்பல்லை, பக்கத்துப் பல்லைப் பிடுங்கிய இடத்துக்கு இழுத்து வரவேண்டும். டாக்டர் ஜெபமலர் பொறுமையாக இன்னொரு தடவை சொன்னார்.

"ஸ்பிரிங் ஒரே சீரா இழுக்கும்மா. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா காட்டினாப் போதும். ரப்பர் செயின் போகப்போகத் தளர்ந்திரும். மாசாமாசம் வந்து மாத்தணும்."

"அத்தை, ஸ்பிரிங்கே போட்டுக்கிடுதேன்" என்று கெஞ்சினாள் சுகந்தி.

"சும்மா கெட ஏட்டி!"

டாக்டர் இருப்பது தென்காசியில். சுகந்தி பிறந்த ஊரும் அதுதான். புகுந்த ஊரான இலத்தூரிலிருந்து வரும் பஸ் அவள் அம்மா வீட்டுத் தெருமுனையில்தான் நிற்கும். ஆனால் இறங்க முடியாது. போன வருஷம் சாரல் சீசனில், குற்றாலத்தில் குளிக்க வரச்சொல்லி அம்மா வீட்டார் சம்பந்தியை முறையாக அழைக்கவில்லையாம். மாமனார் சங்கரபாண்டிக்கு அப்படி ஒரு ரோசம். 'அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டார். அம்மா முகத்தைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. மாசாமாசம் அந்தத் தெருவை எட்டிப் பார்த்து ஏங்குவதற்கு, பல்லு தூக்கிக்கொண்டே இருந்துவிட்டுப் போகலாம்.

பார்வதியம்மாளின் போன் அடித்தது. மாமனார்தான்.

"ஆமாங்க... ரப்பர்தான் நல்லதுன்னு டாக்டரம்மாவே சொல்லுதாங்க. மாசம் தவறாம வரணுமாம். என்ன செய்ய, வந்துதான ஆகணும்!"

டாக்டர் திகைத்துப்போய்ப் பார்த்தார். சுகந்திக்குக் கண்ணில் நீர் முட்டியது. வாய் கூசாமல் இப்படிப் புளுகுகிறாளே, என்ன பொம்பளை இவள்!

"நீ என்னம்மா சொல்லுத?" என்றார் டாக்டர்.

"அத்தை சொல்லுத மாதிரியே போடுங்க." சண்டை போடத் தெம்பில்லை அவளுக்கு.

ரப்பர் மாட்டியாயிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவளின் தோளைத் தொட்டாள் மாமியார்.

"வெளிய பெஞ்சுல உங்கம்மா வந்து உக்காந்திருக்கா, போ. நான்தான் வரச் சொன்னேன். அவ வீட்டு வாசலைத்தான மிதிக்கக் கூடாதுன்னாரு உங்க மாமா? இது டாக்டர் வாசல்லா!"

சுகந்தி கதவுப் பக்கம் ஓடினாள்.

"மூணு மணி பஸ்ஸுக்குப் போனாப் போதும்... ரெண்டு மாசத்துக்கு ஒருக்கான்னா உனக்குத் தாங்குமாட்டி?"