டவர் இல்லாத ஏழு நாள்

முனீஸ்வரி மகளுக்குக் கல்யாணம். வரப்புச் சண்டையில் அவளோடு பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் சுருளிராஜனோ, தங்கை பத்திரிகை வைக்க வருமுன் கோம்பையிலிருந்து மாலத்தீவுக்கே கிளம்பிவிட்டார்.

“தட்டைக் கையில வாங்கிட்டா தாய்மாமன் போயித்தான ஆகணும்? அங்கன ஏழு நாளும் படகுலயே சாப்பாடு, தூக்கம், கடல்ல முங்கல். டவரும் கிடையாது. எப்படி வந்து வைப்பா?” என்று விமானத்தில் சிரித்தார்.

“அவ விடமாட்டா, பாருங்க” என்றாள் மனைவி பாண்டீஸ்வரி.

முதல் நாளே, நாற்பதடி ஆழத்தில் மீன் பார்த்துக்கொண்டிருந்தவரின் தோளை யாரோ தட்டினார்கள். முகக்கண்ணாடிக்குள் தங்கையின் முழி! நீட்டிய தட்டில் ரப்பர் பேண்டு போட்ட வெற்றிலை பாக்கு, லேமினேட் செய்த பத்திரிகை.

திட்டலாமென்றால் வாயில் காற்றுக்குழாய். தட்டைக் கண்ட பழக்கத்தில் கைகள் தாமாக நீண்டு வாங்கிக்கொண்டன.

இந்தப் பயணத்துக்கு மூன்று டிக்கெட் போட்டிருந்த பாண்டீஸ்வரி, பக்கத்தில் நீந்தியபடி அதைப் போட்டோ எடுத்தாள்.