நாலாம் நம்பரின் நகல்

கல் சுமந்த காலத்தில்கூட அன்னக்கொடிக்கு இடுப்பு இப்படி வலித்ததில்லை. வக்கீல் ஆபீஸ் மெத்தை நாற்காலியில் ஆறு நாளாக உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பொதுஜனமே தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை கோர்ட்டுக்குத் திரும்ப வந்துவிட்டது. குவாரி சரிந்து ராசாமணியின் புருஷன் செத்த வழக்கில் தீர்ப்புச் சொல்லப்போகும் நாலாம் நம்பர் ஜூரிக்கும் இவளுக்கும் வயது, வறுமை, தாலி அறுத்தது எல்லாம் ஒன்று. இவள் எதற்கு இளகுவாளோ அதற்கு அந்த அம்மாளும் இளகுவாள் என்று கம்ப்யூட்டர் தேடிப் பிடித்த ஆள் இவள்.

குவாரி முதலாளிக்காக வக்கீல் அவளிடம் என்னென்னவோ பேசிப் பார்த்தார். மனசு இளகினால் எரிய வேண்டிய விளக்கு அவள் மணிக்கட்டில் கட்டிவிட்ட பட்டையில் எரியவில்லை.

"என்னம்மா, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"கல்லு ஒடச்சவ வேற எப்படி சார் இருப்பா?"

"உங்க வீட்டுக்காரர் குவாரியில செத்தப்ப உங்க முதலாளி மேல கோவம் வரலையா?"

"வந்துச்சு. ஆனா அந்த மனுசன் செருப்பில்லாம சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தாரு. அப்புறம் எங்க கோவப்படுறது?"

விளக்கு எரிந்தது. வக்கீல் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கோர்ட்டில் வக்கீலின் கட்சிக்காரரான முதலாளி வெறுங்காலோடு கூண்டில் ஏறினார். நாலாம் நம்பர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுடைய ஒரே ஓட்டில் அவருக்கு விடுதலை.

தீர்ப்புக் கேட்க வந்திருந்த அன்னக்கொடியின் காய்த்துப்போன கையைக் கோர்ட் வாசலில் ராசாமணி பிடித்துக்கொண்டாள்.

"நீயும் குவாரிக்காரிதானேக்கா? எம்புருசன் பொணத்தப் பாக்க வராதவன் இன்னிக்கிச் செருப்பக் கழட்டிட்டு நிக்கிறான். யாரு சொல்லிக் குடுத்தா?"

"பஸ் வந்துருச்சு தாயி," என்று அன்னக்கொடி கையை உருவிக்கொண்டு ஏறினாள்.