பெண்கள் பக்கத்துப் படங்கள்

"படம் எதையும் தொறக்கப்படாது தம்பி. பூட்ட மட்டும் எடுத்துவிடுங்க." ஷம்ஸியா கெஞ்சினாள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த கம்ப்யூட்டர் மேசைமேல் இருந்தது. இந்தக் கடைக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

"தொறந்து பாக்காம, பூட்டு போச்சான்னு எப்படிக்கா சொல்ல?" கடைக்காரன் மந்திரமூர்த்தி தலை நிமிராமல் கேட்டான். "என்ன பண்ணுனிய?"

நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பது ஷம்ஸியாவின் தொழில். ஒரு ஆம்பளை கண்ணில்கூடப் படாது என்று சத்தியம் பண்ணித்தான் வேலையே வாங்குவாள். வீட்டுக்குக் கொழுந்தன் வந்திருக்கிறானே என்று, கடைசியாக ஒரு நிக்காஹில் எடுத்த இரண்டாயிரம் படங்களையும் நேற்று கம்ப்யூட்டரில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'எல்லோருக்கும் அனுமதி மறுப்பு' என்று மாற்றிவிட்டாள். அந்த எல்லோரில் அவளும் அடக்கம் என்பது இன்று காலையில்தான் தெரிந்தது.

"சாயங்காலம் ஆல்பம் பாக்க பொண்ணு வீட்டுக்காரங்க வாராவ," என்றாள்.

அவன் ஒருமுறைகூட அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதபுள்ள, மரியாதை தெரிந்த பிள்ளை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அவன் ஹெட்போனை எடுத்து மாட்டியதும் அந்தத் தெம்பும் போயிற்று. பாட்டுக் கேட்டுக்கொண்டே படம் பார்க்கப் போகிறானோ?

விசைப்பலகையில் அவன் விரல்கள் ஓடின. திரையில் வரிகள் சரசரவென்று மேலே ஏறின.

"எல்லாத்துக்கும் ஒரேயடியா அனுமதி குடுத்தாச்சு. ஒண்ணத் தொறந்து பாத்துருவோம்."

"வேண்டாம் தம்பி!"

ஹெட்போன் போட்ட காதில் அது விழவில்லை. திரை நிறைய மணப்பெண் வந்து நின்றாள். முக்காடு இல்லாமல், முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

இனி எந்த வீட்டு வாசலை மிதிப்பது? ஷம்ஸியா தன் துப்பட்டாவை உருவித் திரையின்மேல் போட்டாள். தன் தலை திறந்து கிடப்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"பாத்துட்டியளே தம்பி! வெளிய சொல்லிராதிய. எம் பொழப்பே போயிரும்."

திரையை மூடிய பிறகும் அவன் விரல்கள் நிற்கவில்லை. சற்று நேரம் தட்டிவிட்டு, பைய ஹெட்போனைக் கழற்றினான்.

"எழுத்த மட்டுந்தான் இது காதுல வாசிச்சுச் சொல்லும். படம் தெரியுதாக்கா? நீங்கதான் பாத்துச் சொல்லணும், எனக்குக் கண்ணு தெரியாது."