பாட்டிலில் போட்ட கோடு

காலிக் கூண்டுகளைக் கழுவ வேண்டியவர் கழுவாமல் நின்று அழுதுகொண்டிருந்தார். நாற்பது தாண்டிய ஆள், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதார்.

ஆராய்ச்சி மாணவி வாசலிலேயே நின்றாள். விந்தணுவை எண்ண வேண்டுமென்றால் எலியைக் கொன்றுதான் ஆகவேண்டும். நேற்றோடு கடைசி எலியும் போய்விட்டது. அதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தாள். அவளுக்கும் அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. காலையிலிருந்து உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"விடுங்கண்ணே. எலிதானே."

"ரிசல்ட் என்னாச்சு டாக்டரம்மா?"

அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. சேர்ந்த முதல் நாளே அவர் கொடுத்த பட்டம் அது. பல்கலைக்கழகம்தான் மூன்று வருடமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லண்ணே. ஒண்ணுமே இல்ல."

ஆண் எலிகளுக்கு ஒரு ரசாயனத்தைக் கொடுத்து விந்தணுவைக் குறைக்க வேண்டும். பிறகு அதில் பாதி எலிகளுக்கு மட்டும் ஓர் இலையின் சாற்றைத் தினமும் புகட்டி, குறைந்தது ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சி. மூன்று தடவை செய்தாள், தடவைக்கு அறுபது நாள். மூன்று தடவையும் மைக்ரோஸ்கோப்பில் கட்டம் கட்டமாக எண்ணினாள். சாறு குடித்த எலிக்கும் குடிக்காத எலிக்கும் இம்மியளவும் வித்தியாசமில்லை.

காலையில் பட்டியலைப் பார்த்த பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதுக்குப் பச்சத் தண்ணியே ஊத்தியிருக்கலாமேம்மா. இந்த மாசத்தோட உன் உதவித்தொகை முடியுது. வேற ஆள் வரணும், லேபைக் காலி பண்ணிக் குடுத்துடு."

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இத்தனைக்கும் அவள் கவனத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த லேபில் ஸ்பிரிட் முதல் சோப்பு வரை எல்லாவற்றுக்கும் கால் முளைக்கும். அதனால் தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது சாற்றுப் பாட்டிலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போவாள். மறுநாள் வந்து பார்த்தால் சாறு கோட்டிலேயே நிற்கும், ஒரு நூல்கூட இறங்கியிருக்காது. திங்கட்கிழமை கருகருவென்று காய்ச்சி வைத்தது வெள்ளிக்கிழமைக்குள் வெளிறிப்போகும். அதற்கு ஃப்ரிட்ஜைத் திட்டிக்கொள்வாள்.

கூண்டுக்காரரும் ஒழுங்கான ஆள்தான். காலை ஆறு மணிக்கெல்லாம் வந்து லேபைத் திறந்து, அவள் வருவதற்குள் எலிகளுக்குத் தீனி வைத்திருப்பார். கொஞ்ச நாளாகத்தான் தாமதம். வீட்டுக்காரிக்கு உடம்பு முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு அலைகிறேன் என்பார். அவள் தன் கவலையில், என்ன உடம்புக்கு என்றுகூடக் கேட்டதில்லை.

"ஒரு எலிக்குக் கூடவா ஏறல?" என்று கேட்டார்.

"ஏறினாலும் அது கணக்கில்லண்ணே. எத்தன தடவ சொல்லியிருக்கேன், ஒண்ணே ஒண்ண வச்சு எதையும் சொல்ல முடியாது."

ஃப்ரிட்ஜைத் திறந்து கடைசிப் பாட்டிலை எடுத்தாள். பாதிக்குமேல் இருந்தது. மூடியைக் கழற்றி, கைகழுவும் தொட்டியில் சாய்க்கப் போனாள்.

அவர் ஓடிவந்து பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கொட்டாதீங்க டாக்டரம்மா."

"இனிமே யாருக்குண்ணே இது?"

"அது சாறு இல்ல. முக்காவாசி தண்ணி." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துப் பேசினார். "நான்தான் ஊத்தினேன். தினம் காலையில வந்ததும் ஒரு டம்ளர் எடுத்துக்குவேன். எடுத்த அளவுக்குக் குழாய்த் தண்ணியப் புடிச்சு, உங்க கோடு வரைக்கும் நெரப்பி வச்சிடுவேன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை இறுக்கி மூடினாள்.

"எடுத்து என்ன பண்ணீங்க?"

"குடிச்சேன்."

கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். அதுவும் வரவில்லை.

"என் மூணு வருஷத்தக் குடிச்சிட்டீங்களேண்ணே," என்றாள். குரல் உயரவேயில்லை.

அவர் தலையாட்டினார். மறுபடியும் கண்ணீர் வந்தது, இந்தத் தடவை துடைக்கவில்லை.

"பாவம்தான் டாக்டரம்மா. எந்தத் தண்டனைனாலும் குடுங்க. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், எல்லா டாக்டரும் முடியாதுன்னுட்டாங்க, புத்தி கெட்டுப்போச்சு. ஒண்ண வச்சு எதையும் சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும்."

பாட்டிலை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மூடியைத் திருகி, ஃப்ரிட்ஜுக்குள் பத்திரமாகத் திருப்பி வைத்தார்.

"என் வீட்டுக்காரிக்கு இப்ப மூணு மாசம்."