கைக்கு ஒன்று

"வாயைத் திறக்காம வேலை பார்ப்பியாம்மா?"

வேலை கேட்டுப் போன அன்று கடை முதலாளி கேட்டது அது ஒன்றுதான். எந்த வகுப்போடு படிப்பை விட்டேன் என்றுகூடக் கேட்கவில்லை. வாய் திறக்காமலிருப்பது எனக்குக் கைவந்த கலை. எனக்கென்றே வந்த வேலை என்று நினைத்தேன்.

எட்டு மாதமாகக் கம்ப்யூட்டர் சாமான் கடையின் பின்னறையில் இருக்கிறேன். இன்று விற்பனைக்கு நிற்கும் அக்கா வரவில்லை. முதலாளி என்னை முன்னால் நிறுத்திவிட்டார்.

நிற்க முடியவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். விரல் நுனியில் காய்ந்து கிடந்த பசையை உரித்துக்கொண்டே இருந்தேன். அது போவதாயில்லை.

"ஏய் ஊமைக்கோட்டான்! நீயா?"

பள்ளியில் என் பெஞ்சுக்காரி. டீச்சர் என்னைக் கேள்வி கேட்டால் எனக்காக எழுந்து பதில் சொன்னவள்.

அவளுடைய கம்ப்யூட்டரில் பவர் சப்ளை காலையில் புகைந்துவிட்டதாம். மூன்று வருடமாக வரைந்த படமெல்லாம் அதற்குள் இருக்கிறது. நாளை மறுநாள் கல்லூரியில் காட்டியாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"இன்னொரு தடவை புகைஞ்சா படமும் போயிடும்டி. எது தாங்கும்? நீயே சொல்லு."

மேசையில் இரண்டு பவர் சப்ளைப் பெட்டிகள். ஒன்று 550 வாட். இன்னொன்று 650 வாட், விலையும் குறைவு. அவள் கை 650 பக்கம் போனது.

இரண்டடி தள்ளி முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். கண் மட்டும் எங்கள்மேல். நான் பேசினால் நாளை இந்தக் கடைப் பக்கம் வர வேண்டியதில்லை.

இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து, கைக்கு ஒன்றாக அவளிடம் கொடுத்தேன். உள்ளே கம்பிச்சுருள் ஒழுங்காக இருந்தால் கனக்கும். பின்னறையில் அப்படித்தான் தரம் பார்ப்போம்.

"எடை போடற வேலையெல்லாம் காய்கறிக் கடையில வச்சுக்கோங்கம்மா" என்று போனைப் பொத்திக்கொண்டு முதலாளி சிரித்தார்.

அவளும் சிரித்தாள். பாதியில் நிறுத்தினாள். 550 இருந்த கை தாழ்ந்திருந்தது. 650 காலி டப்பா மாதிரி மேலே நின்றது.

அதைத் திருப்பினாள். ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாக இருந்தது. ஒரு மூலையை நகத்தால் நெம்பினாள். மஞ்சள் பசை நூல் நூலாக இழுபட்டது. அடியில் 250.

இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பிழைத்தேன் என்பதுபோல் அழுத்தினாள்.

அப்புறம்தான் குனிந்து பார்த்தாள். என் விரல் நுனிகளிலெல்லாம் அதே மஞ்சள்.

பிடி தளர்ந்தது.

அத்தனை வருடம் எனக்கும் சேர்த்துப் பேசியவள், ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.