உள்ளே ஒரு தப்பு

"தப்பு! பார்க்கவே சகிக்கல, அவ்வளவு தப்பு!"

மாடல் வண்டியின் கூரையைக் கழற்றி மேசைமேல் டக்கென்று வைத்தார் தோன் ஒராசியோ. கூடைப்பந்துக் கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ரொசாரியோ நகரில் வருஷா வருஷம் நடக்கும் ராணுவ மாடல் போட்டி அது. எல்லோரும் மரியாதையாகத் 'தோன்' போட்டு அழைக்கும் ஒராசியோதான் தலைமை நடுவர். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். தட்டைப் பாதம் என்று ராணுவத்தில் தன்னைச் சேர்க்கவே இல்லை என்று அடிக்கடி வருத்தப்படுவார். ஆனாலும் எந்த ராணுவ வண்டியிலும் ஒரு திருகாணி மாறியிருந்தால்கூடத் தன் கண்ணுக்குத் தப்பாது என்பார்.

மேசைக்கு இந்தப் பக்கம் நெலிதா நின்றார். செயற்கைப் பல் செய்யும் தொழிலில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயதிலும் விரல் நடுங்காது.

அந்த வண்டி முழுக்க அவர் கைவேலை. உடம்பு, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி, உள்ளும் வெளியும் பச்சை பூசியது. சக்கரமும் முன்விளக்கும் வீட்டு த்ரீ-டி பிரிண்டரில் எடுத்தவை. உள்ளே இருக்கைப் பலகைக்குக் காபி கலக்கும் குச்சி. பக்கச் சுவரில் ஓர் இரும்பு வளையம், அது கிட்டார் கம்பியை வளைத்தது.

இந்த வண்டிக்குக் கடையில் மாடல் பெட்டி கிடைக்காது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ராணுவ ஆட்சியில் ஒரு பழைய பால் வண்டிக்கு இரும்புத் தகடு போர்த்தி ஆள் பிடிக்க அனுப்பினார்கள். செய்தது ஒன்றே ஒன்று. ஆட்சி கவிழ்ந்த வாரமே அதை உடைத்து உருக்கிவிட்டார்கள்.

"அஞ்சு ஊர்ல இதுக்குப் பதக்கம் குடுத்திருக்காங்க. உள்ளே தப்புன்னு ஒருத்தரும் சொல்லலையே?" என்றார் நெலிதா.

"குடுத்தவனுக்குக் கண்ணு பின்னந்தலையில இருந்திருக்கும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நெலிதாவோடு வந்திருந்த தோழி மிர்த்தா மட்டும் சிரிக்கவில்லை. ஊர் ஊராகச் செய்வது போலவே கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நின்றார்.

போட்டிச் செயலாளர் ஃபபியான், மாத்தே என்ற மூலிகைத் தேநீரைக் குவளையிலிருந்து உறிஞ்சியபடி சமாதானத்துக்கு வந்தார். "விடுங்க தோன் ஒராசியோ. அந்த வண்டிக்கு இருக்கறதே ஒரே ஒரு பத்திரிகைப் படம். அதுவும் வெளிப்பக்கம். உள்ளே எப்படி இருந்துச்சுன்னு யாரு கண்டா?"

"யாரும் பார்க்கலன்னா இஷ்டத்துக்குக் கட்டிடறதா? இது மாடலா, பொம்மைக் கல்யாணமா? பரிசு கிடையாது. எடுத்துட்டுப் போகச் சொல்லு!"

நெலிதாவின் முகம் சிவந்தது. "எதுக்குங்க எடுத்துட்டுப் போகணும்? நாலு வருஷ உழைப்பு இது. தப்பு தப்புன்னு கத்தினா ஆச்சா? என்ன தப்புன்னு சொல்லுங்க. சொல்லத் தெரியலன்னா வாயை மூடிட்டு மார்க்கைப் போடுங்க!"

சிரிப்பு நின்றது. ஒராசியோவைப் பார்த்து வாயை மூடு என்று அந்தக் கூடத்தில் யாரும் சொன்னதில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"எனக்கா தெரியாது? இந்த வளையத்தை எதுக்குச் சுவத்துல வச்சீங்க?"

"சுவத்துலதான் இருந்தது."

"இல்லை!"

"இருந்தது. எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"மண்ணாங்கட்டி தெரியும்! தரையிலம்மா, தரையில! கதவு ஓரமா, தரையோட வெல்டிங் வச்சிருந்தாங்க. சுவத்துல வச்சா ஆளு எழுந்து நின்னுட மாட்டானா?" மேசையை ஓங்கித் தட்டினார். "அப்புறம் உள்ளே என்ன பச்சை? வெளியிலதான் பச்சை. உள்ளே பால் வண்டியோட வெள்ளையை அப்படியே விட்டிருந்தாங்க. ஒரு சொட்டுப் பச்சை கிடையாது. போதுமா? இப்ப யாருக்குத் தெரியலன்னு சொல்லுங்க!"

ஃபபியானின் குவளை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "தோன் ஒராசியோ... இதெல்லாம் நீங்க..."

"எங்கேயோ படிச்சேன்." அவர் குரல் சட்டென்று இறங்கியது. "பழைய புத்தகத்துல."

"அப்படி ஒரு புத்தகம் இல்லையே," என்றார் ஃபபியான் மெதுவாக.

நெலிதா மேசையைச் சுற்றி வந்து ஒராசியோவின் எதிரில் நின்றார். வலது கையை நீட்டிக் காட்டினார். குரலில் நாற்பத்தொரு வருஷக் கோபம்.

"ஆமா, தரையிலதான் இருந்தது. இந்த வலது கையை அதோடதான் பூட்டியிருந்தாங்க. தெரிஞ்சேதான் சுவத்துல வச்சேன். எவனாவது வந்து திருத்துவானான்னு ஊர் ஊரா தூக்கிட்டு அலைஞ்சேன்."

ஒராசியோ வாசலைப் பார்த்தார். கூட்டம் வழிவிடவில்லை. மிர்த்தாவின் கைபேசி அவர் முகத்துக்கு நேரே நின்றது.

"ஆனா உள்ளே வெள்ளைன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்," என்றார் நெலிதா. "எங்க எல்லார் கண்ணையும் கட்டியிருந்தாங்க. கண்ணைக் கட்டாம அதுக்குள்ள வந்தது எங்களைப் பிடிச்ச மூணே பேரு."

ஒராசியோவின் சட்டைக் காலரை நெலிதாவின் கை பற்றியது.

"அந்த மூணு பேர்ல நீ எவன்டா?"