பெட்டி கேட்ட வயசு

"சார், கண்ணாடி வியாபாரம் நடக்குது சார்!"

ஜீப் டிரைவர் லத்தீப் மூச்சு வாங்க வந்து சொன்னதும் ராஜேந்திரனுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ கசந்தது.

"எந்தக் கண்ணாடி?"

"நேத்து நம்ம முகாம்ல சும்மா குடுத்தோமே, அதான். பலாமரத்தடியில கும்பலா குந்திக்கினு கை மாத்தறாங்க. இவரு போட்டுப் பாக்கறாரு, கழட்டி அந்தம்மாகிட்ட குடுக்கறாரு. சந்தையில வளையல் வாங்கற மாதிரி இருக்குது சார்."

ராஜேந்திரன் டம்ளரைக் கீழே வைத்தான். ஆஸ்பத்திரி டைரக்டர் வருகிற நேரம் பார்த்தா இந்தக் கூத்து!

ஜவ்வாது மலைக் கண் முகாமுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோகலாம் என்று யோசனை சொன்னதே அவன்தான். எண்பத்தொன்பதாம் வருஷம், வேலூரிலேயே பாதிப் பேர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஜெனரேட்டரோடு அதை மலையேற்றி, பெற்ற பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு வரிசையில் வயசு, எதிர் வரிசையில் அந்த வயசுக்காரர் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டிய கண்ணாடி நம்பர். நாற்பத்தேழு என்று தட்டினால், அவன் எழுதிய ஃபார்முலா வயசு வரிசையில் இறங்கிப் போகும். ஐம்பதைத் தொடாமல் நாற்பத்தைந்தில் நின்று, அதற்கு எதிரே இருக்கிற நம்பரை எடுத்துக் காட்டும். கண் முன்னால் எழுத்தட்டையைப் பிடித்து ஒவ்வொருவராகச் சோதிக்கிற வேலையே இல்லை.

டைரக்டருக்கு இதில் நம்பிக்கை கிடையாது. நேற்றுக் காலை முகாமைத் தொடங்கி வைத்துவிட்டுப் போளூருக்கு இறங்கும்போது, வரிசையில் நின்ற ஜனங்கள் முன்னாலேயே சொன்னார்: "நாளைக்கு வந்து பார்ப்பேன். இந்தப் பெட்டி சொதப்புச்சுன்னா, பெட்டியோட நீயும் வீட்டுக்குப் போகலாம்."

வேலை இன்னும் நிரந்தரமாகாத ராஜேந்திரன், பலாமரத்தை நோக்கி ஓடாத குறையாக நடந்தான்.

"இன்னா நடக்குது இங்க?"

பாஞ்சாலையம்மா மூக்கிலிருந்த கண்ணாடியை அவசரமாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நேற்று முதல் ஆளாக வந்து, பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "உள்ள யாரு தம்பி குந்திக்கினு சொல்றது?" என்று கேட்டவள் அவள்தான்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி. பச்சையம்மாவுக்கு அந்தக் கறுப்பு பிரேம் மேல ஆசை. அதான் மாத்திக்கினோம்."

"அழகு பாக்கவா குடுத்தோம்? அவங்கவங்க வயசுக்குன்னு கணக்குப் போட்டுக் குடுத்தது! ஓசியில வந்தா அருமை தெரியாதுன்னு சொல்றது சரியாத்தான் இருக்குது."

பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ரங்கசாமிப் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க" என்றார்.

அதற்குள் டைரக்டரின் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் நேரே ரங்கசாமியிடம் போனார்.

"என்ன பெரியவரே, கண்ணாடி சரியா இருக்கா?"

ராஜேந்திரன் ஓடிப்போய் டைரக்டர் பக்கத்தில் நின்றான்.

ரங்கசாமி நிதானமாகக் கண்ணாடியை மாட்டினார். பக்கத்து முறத்திலிருந்து ஒரு பிடி சாமையை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார்.

"அளவெடுத்தாப்புல கீதுங்க ஐயா. கல்லு தனியா, சாமை தனியா தெரியுது."

"நான் காலுல தச்ச முள்ளை நானே எடுத்தேங்க" என்றாள் பச்சையம்மா.

"பொட்டி புட்டுப் புட்டு வச்சிடுச்சுங்க!" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல்.

டைரக்டர் ராஜேந்திரனின் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரப் பெட்டிதான்யா. அடுத்த முகாமுக்கும் எடுத்துக்கிட்டுப் போ."

ஜீப் போனதும் அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் மனசில் ஏதோ குடைந்தது. பிரேமுக்கு ஆசைப்பட்டதாகச் சொன்னார்களே, அந்தக் கறுப்பு பிரேம் இப்போது ரங்கசாமியின் மூக்கில் அல்லவா இருக்கிறது? பச்சையம்மா போட்டிருந்தது பழுப்பு.

"பாஞ்சாலையம்மா, உங்க கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க."

வாங்கி, ஓரத்தில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தான். அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கான நம்பர்.

"நேத்து நாப்பதுன்னு சொன்னீங்க. உங்களுக்கு இந்த நம்பர் குடுக்கலையே. இதுல கண்ணு தெரியுதா?"

"இதுலதான் தம்பி தெரியுது. நீங்க குடுத்தது ஒரே மசமசப்பு. எல்லாருக்குமே அப்படித்தான். அதான் ஒண்ணொண்ணா போட்டுப் பாத்து, தெரியறத வச்சிக்கினோம்."

ராஜேந்திரன் அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தான். தலையில் ஒரு கறுப்பு முடி இல்லை. நேற்று முழுக்க அவன் திரையைப் பார்த்தானே தவிர, எதிரே நின்ற ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

"பின்ன ஏன் நாப்பதுன்னு சொன்னீங்க? உங்க நெஜ வயசுதான் இன்னா?"

"யாருக்குத் தம்பி தெரியும்? எனக்கும் தெரியாது, இங்க குந்தியிருக்கற ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாதா? நேத்து ஆளாளுக்கு டக்கு டக்குன்னு சொன்னீங்களே!"

பாஞ்சாலையம்மா கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு அவன் முகத்தை ஆசையாகப் பார்த்தாள்.

"வயசு சொல்லலன்னா பொட்டி வேலை செய்யாதுன்னீங்க. பொட்டி வேலை செய்யலன்னா உங்கள வூட்டுக்கு அனுப்பிடுவேன்னு அந்த ஐயா பேசுனாரு. புள்ள பொழப்பு போய்டக் கூடாதேன்னு, வரிசையில நிக்கறப்பவே ஆளுக்கொரு வயசா பங்கு போட்டுக்கினோம்."